மிதக்கும் இலையின் கணக்கு

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயில் பாதையில், திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவே இருக்கிறது செவ்வாப்பேட்டை. வடக்கே கொசஸ்தலையாறு, தெற்கே கூவம். இடைப்பட்ட நிலமெங்கும் மழையை நம்பிய ஏரிகள், தாங்கல்கள், குட்டைகள். சித்திரை, வைகாசியில் இவற்றின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மாடுகள் மேயும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சில வாரங்களில் கரைவரை தண்ணீர் நிற்கும். தை மாதத்தில், ஆழம் குறைந்த பக்கமெல்லாம் வட்ட வட்டமாக இலைகள் படர்ந்து, அவற்றுக்கு மேலே அல்லிப் பூக்கள் தலை நீட்டியிருக்கும்.

அல்லியின் பூவைத் தமிழர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவருகிறார்கள். அதன் இலையை அவ்வளவாக யாரும் கண்டுகொண்டதில்லை. ஆனால் தாவர உலகின் மிகப் பெரிய மிதக்கும் இலை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள அமேசான்வரை போக வேண்டியதில்லை. அந்த இலைக்குத் தெரிந்த வித்தைகளில் பெரும்பாலானவை செவ்வாப்பேட்டைப் பக்கத்து ஏரியில் மிதக்கும் இலைக்கும் தெரியும். சிறிய இலையில் தொடங்கி ராட்சத இலைக்குப் போவோம்.

நம் ஏரியின் அல்லிகள்

தமிழ்நாட்டுச் சமவெளி ஏரிகளில் காணும் அல்லிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். முதல் கூட்டம் இரவில் மலர்வது. நிம்ஃபியா பியூபசென்ஸ் என்ற அல்லி இதில் சேரும். இலையின் ஓரம் அலையலையாகப் பல் வெட்டியிருக்கும். அடிப்பக்கத்தைத் தடவினால் மெல்லிய மயிர் தெரியும். பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். பொழுது சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் முற்பகலில் வெயில் ஏறும்வரை திறந்திருக்கும். ஆழ்ந்த சிவப்பில் பூக்கும் செவ்வல்லியை நிம்ஃபியா ரூப்ரா என்கிறார்கள்.

இரண்டாவது கூட்டம் பகலில் மலரும் நீல அல்லி. இதன் அறிவியல் பெயர் நிம்ஃபியா நௌச்சாலி. இலையும் பூவும் சற்றுச் சிறியவை. காலையில் திறந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடும். இலங்கையின் தேசிய மலர் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

நிலவைக் கண்டு அல்லி மலர்வதாக ஒரு நம்பிக்கை உண்டு. அமாவாசை இருட்டிலும் அது தவறாமல் மலர்கிறது. ஒளியும் இருளும் மாறிமாறி வரும் சுழற்சியும் வெப்பநிலையுமே அதன் பொழுதைத் தீர்மானிக்கின்றன. பகல் பூவும் இரவுப் பூவும் ஒரே ஏரியில் இருந்தால், பூச்சிகளுக்கு ஏறக்குறைய நாள் முழுவதும் ஏதோ ஒரு பூ திறந்திருக்கும்.

மிதப்பது எளிது, விறைப்பாக இருப்பது கடினம்

30 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் அல்லி இலையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 700 சதுர செ.மீ. இலை முழுவதும் தட்டையாக ஒரு செ.மீ. கீழே அழுந்தினால் 700 மில்லிலிட்டர் நீர் விலகும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, ஏறக்குறைய 700 கிராம் எடையை அந்த நீர் தாங்கிவிடும். ஏரிகளில் அல்லி இலைமேல் நடந்து திரியும் தாமரைக்கோழியின் எடை ஏறக்குறைய கால் கிலோதான். கணக்குப்படி பார்த்தால் அது கவலையின்றி நிற்கலாம்.

ஆனால் இலை மெல்லியது. அழுத்தும் இடத்தில் மட்டும் வளைந்து குழியும். குழிந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிடும். அதனால்தான் தாமரைக்கோழியின் விரல்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டிருக்கின்றன. எடையை ஒரே இடத்தில் வைக்காமல் இலையின் பெரும்பரப்பில் அவை பரப்பிவிடுகின்றன. பறவை தன் பக்கத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டுவிட்டது. இலை தன் பக்கத்தில் என்ன செய்ய முடியும்?

இதே இலை 3 மீட்டர் குறுக்களவுக்கு வளர்ந்தால் பரப்பு 7 சதுர மீட்டரைத் தொடும். ஒரு செ.மீ. அழுந்தினாலே 70 லிட்டர் நீர் விலகும். அதாவது, வளர்ந்த ஒரு மனிதரின் எடையை நீர் தாங்கும். குறுக்களவு பத்து மடங்கானால் தாங்கும் திறன் நூறு மடங்காகிறது. மிதப்பதற்கான வலுவைத் தண்ணீரே இலவசமாகத் தந்துவிடுகிறது. அந்தப் பெரும்பரப்பு மடங்காமலும் சுருளாமலும் கிழியாமலும் விறைப்பாக இருப்பதுதான் இலையின் முன்னுள்ள உண்மையான சிக்கல். அதையும் குறைந்த செலவில் செய்தாக வேண்டும். இலையைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் செடியின் உணவெல்லாம் ஒரே இலையில் தீர்ந்துவிடும்.

விக்டோரியா தீர்த்த கணக்கு

இந்தச் சிக்கலை மிகச் சிறப்பாகத் தீர்த்த செடிப் பேரினம் விக்டோரியா. தென் அமெரிக்காவின் தேங்கிய நீர்நிலைகளும் வெள்ளச் சமவெளிகளுமே இதன் தாயகம். 1801இல் பொலிவியாவின் மமோரே ஆற்றில் ததேயஸ் ஹென்கே என்ற தாவரவியலாளர் இதைக் கண்டார். 1832இல் ஜெர்மானியரான எடுவார்ட் பொப்பிக், அமேசானில் கண்ட செடிக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டினார். 1837இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, இதைத் தனிப் பேரினமாக்கி விக்டோரியா அரசியின் பெயரை வைத்தார்.

இன்று இதில் மூன்று இனங்கள் அறியப்பட்டுள்ளன. அமேசான் ஆற்றுப்படுகையிலும் கயானாவிலும் வளர்வது விக்டோரியா அமசோனிகா. அதற்குத் தெற்கே, பராகுவே, பரானா ஆற்றுப் பகுதிகளில் வளர்வது விக்டோரியா குரூசியானா. இது சற்றுக் குளிரையும் தாங்கும். மூன்றாவது இனமான விக்டோரியா பொலிவியானா உலகுக்கு அறிமுகமானது 2022 ஜூலையில்தான். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கார்லோஸ் மக்தலேனா, தாவர ஓவியர் லூசி ஸ்மித் ஆகியோரும் பொலிவிய அறிவியலாளர்களும் அடங்கிய குழு இதை விவரித்தது. இந்த இனத்தின் உலர்மாதிரி கியூவின் தொகுப்பிலேயே 177 ஆண்டுகளாக வேறு பெயரில் இருந்துவந்தது. பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகருக்கு அருகிலுள்ள லா ரிங்கொனாடா தோட்டத்தில் இதன் இலையொன்று 3.2 மீட்டர் குறுக்களவுக்கு வளர்ந்திருக்கிறது. அல்லிக் குடும்பத்தில் பதிவான மிகப் பெரிய இலை அதுவே. உலகின் மிகப் பெரிய அல்லியைக்கூட நேற்றுவரை சரியாக அடையாளம் காணாமல் இருந்திருக்கிறோம் என்பது, நீர்த்தாவரங்களை எவ்வளவு குறைவாகப் படித்திருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது.

இந்த இலையைப் புரட்டிப் பார்த்தால்தான் ரகசியம் தெரியும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் நின்று மேலே பார்த்தால், தளத்தைப் பெரிய உத்திரங்கள் தாங்குவதும், உத்திரங்களுக்குக் குறுக்கே சிறு கட்டைகள் ஓடுவதும் தெரியுமே, ஏறக்குறைய அதே அமைப்பு இங்கே இருக்கிறது. காம்பு சேரும் நடுவிலிருந்து தடித்த நரம்புகள் எல்லாத் திசைகளிலும் புறப்படுகின்றன. விளிம்பை நோக்கிப் போகப்போக இரண்டிரண்டாகக் கிளைத்து மெலிகின்றன. அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைக்கின்றன. நரம்புகளுக்கு நடுவே இருக்கும் இலைத்தகடோ மிக மெல்லியது.

2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபின் பாக்ஸும் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் கிறிஸ் தோரோகுட்டும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த அமைப்பைக் கணித முறையில் ஆராய்ந்தது. அதே அளவு பொருளைச் சீரான தகடாகப் பரப்பினால் கிடைக்கும் விறைப்பைவிட, நரம்புகளாகத் திரட்டி வைத்தால் கிடைக்கும் விறைப்பு பல மடங்கு அதிகம் என்பதே அதன் சாரம். செலவு குறைவு, பரப்பு அதிகம். அந்தப் பரப்பு முழுவதும் வெயிலைப் பிடிக்கிறது. கீழே இருக்கும் போட்டிச் செடிகளுக்கு வெயிலே கிடைக்காமல் செய்கிறது.

மற்ற நுட்பங்களும் உண்டு. இலையின் விளிம்பு தாம்பாளத்து ஓரம்போல மேலே மடிந்திருக்கும். குரூசியானாவில் இந்த மடிப்பு உயரமானது. மழை பெய்தால் நீர் தேங்கி இலை மூழ்கிவிடாதா? விளிம்பில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் விடப்பட்டிருக்கின்றன. மழைநீர் அவற்றின் வழியே வெளியேறுகிறது. இலைத்தகட்டிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்துளைகள் இருந்து நீரை வடிக்கின்றன. அடிப்பக்கம், காம்பு, மொட்டு எங்கும் கூரிய முட்கள். இவை இலையைக் கடிக்க வரும் மீன் முதலான உயிர்களிடமிருந்து காப்பதாகக் கருதப்படுகிறது.

1849 நவம்பரில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் இந்தச் செடியைப் பூக்க வைத்தார். தம் மகள் ஆனியை இலைமேல் நிற்கவைத்து அதன் வலுவை ஊருக்குக் காட்டினார். இந்த இலையின் நரம்பமைப்பிலிருந்து கட்டடக் கலைக்குப் பாடம் கற்றதாக அவரே சொன்னார். 1851இல் லண்டனில் எழுந்த கண்ணாடி மாளிகை அவர் வடிவமைத்ததுதான்.

இந்தியாவில் விக்டோரியாவைப் பார்க்க விரும்புவோர் கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில், 1787இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். தமிழர் வாழும் மொரீஷியஸின் பம்பிள்மூஸ் தோட்டத்திலும் இதற்கென்றே நீண்ட குளம் ஒன்று இருக்கிறது.

சேற்றுக்குப் போகும் காற்று

அல்லித்தண்டைச் சின்னச் சின்னதாக ஒடித்து, தோலை உரித்து, மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொள்ளாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. அந்தத் தண்டின் வெட்டுமுகத்தில் தெரியும் துளைகள்தாம் செடியின் உயிர்வழி.

ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே புதைந்திருக்கும் கிழங்கும் வேரும் சுவாசித்தாக வேண்டும். நிலத்துச் செடிகள் பலவற்றுக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் அதிகம். அல்லி இலைக்கோ அவை காற்றைப் பார்த்த மேல்பக்கத்தில் மட்டுமே உள்ளன. மேல்பக்கம் மெழுகு பூசியதுபோல் இருப்பதால் நீர்த்துளி உருண்டோடிவிடும், துளைகள் அடைபடுவதில்லை.

அமெரிக்காவில் ஜான் டேசி என்ற ஆய்வாளர் 1980ஆம் ஆண்டையொட்டி, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த நூஃபர் என்ற மஞ்சள் அல்லியை ஆராய்ந்தார். வெயிலில் சூடேறும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பின் வழியே கீழே தள்ளுகிறது. காற்று கிழங்கைக் கடந்து, முதிர்ந்த இலைகளின் காம்பு வழியே மேலேறி, அவற்றின் அகன்ற துளைகளால் வெளியேறுகிறது. ஒரே இலை ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்றை உள்ளிழுப்பதை அவர் அளந்தார். இளம் இலை உள்ளிழுக்க, முதிய இலை வெளிவிட, வெயிலே விசையாக இருந்து முழுச் செடிக்கும் மூச்சு கொடுக்கிறது. சேற்றில் உருவாகும் மீத்தேன் வாயுவும் இதே வழியாக வெளியே வருகிறது. ஆகவே அல்லி படர்ந்த ஏரியில் சேறும் காற்றும் செடிகளின் ஊடாக ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கின்றன.

பெண்ணாகத் திறந்து ஆணாக மூடும் பூ

அல்லிப் பூவை முதல்முறை திறக்கும்போது உற்றுப் பார்த்தால் நடுவில் சூலகமுடி ஒரு கிண்ணம்போல் குழிந்து, அதில் தெளிந்த திரவம் நிற்பது தெரியும். அப்போது பூ பெண் நிலையில் இருக்கிறது. வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் தேனீயோ சிறு வண்டோ வழுக்கி அதில் விழும். மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகமுடியை அடையும். சில பூச்சிகள் அதிலேயே மூழ்கிச் சாவதும் உண்டு. அடுத்த முறை திறக்கும்போது திரவம் வற்றியிருக்கும், மகரந்தப்பைகள் வெடித்திருக்கும். இப்போது பூ ஆண் நிலைக்கு மாறிவிட்டது. ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதைக் குறைக்க அல்லி கண்ட ஏற்பாடு இது.

விக்டோரியா இதை ஒரு பெரிய நாடகமாகவே நடத்துகிறது. முதல் மாலை வெள்ளை நிறத்தில் மலர்ந்து, பழ வாசனையை வீசுகிறது. பூவின் உட்பகுதி தானே வெப்பத்தை உண்டாக்கி, சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாகிறது. சைக்ளோசெஃபாலா வகை வண்டுகள் அந்த வாசனைக்கு வந்து உள்ளே நுழைகின்றன. சூடும் உணவும் கிடைக்கும் அறையில் அவை தங்கிவிட, பூ மூடிக்கொள்கிறது. மறுநாள் பகல் முழுவதும் வண்டுகள் உள்ளே. அதற்குள் பூ இளஞ்சிவப்பாக நிறம் மாறி, மகரந்தத்தைக் கொட்டுகிறது. இரண்டாம் மாலை பூ திறக்கும்போது உடலெங்கும் மகரந்தத்தோடு வண்டுகள் வெளியேறி, அன்று புதிதாக மலர்ந்த இன்னொரு வெள்ளைப் பூவைத் தேடிப் போகின்றன. 1975இல் கில்லியன் பிரான்ஸும் அவருடைய சகாவும் வெளியிட்ட கள ஆய்வு இந்த வரிசையைத் தெளிவாக்கியது.

கருவுற்ற பின் ராட்சத இனமும் நம் இனமும் பூவை நீருக்குள் இழுத்துக்கொள்கின்றன. காய் நீரடியில் முதிர்ந்து வெடிக்கிறது. விதைகளைச் சுற்றிக் காற்றடைத்த ஓர் உறை இருப்பதால் அவை சிறிது காலம் மிதந்து, தாய்ச்செடியைவிட்டு நகர்ந்து, உறை அழுகியதும் மூழ்கிச் சேற்றில் ஊன்றிக்கொள்கின்றன.

மிதிலையின் ராட்சதம்

விக்டோரியாவுக்கு மிக நெருங்கிய உறவுச் செடி இந்தியாவில் இருக்கிறது. யூரியேல் ஃபெராக்ஸ் என்பது அதன் பெயர். பேரினத்தில் இது ஒரே இனம். பொப்பிக் 1832இல் அமேசான் அல்லிக்குப் பெயர் வைத்தபோது அதை யூரியேல் பேரினத்திலேயே சேர்த்தார். இரண்டையும் ஒன்றாக நினைக்கும் அளவுக்கு ஒற்றுமை.

யூரியேல் இலை ஒன்றரை மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. விளிம்பு மடிப்பு கிடையாது. இலையின் இரண்டு பக்கமும் முள்; காய் முழுவதும் முள். பூ ஊதா நிறம். நீர்மட்டத்துக்கு வராமலேயே, மூடிய மொட்டுக்குள் தானே கருவுற்று விதை வைத்துவிடும் பூக்களும் இதில் நிறைய உண்டு. ஓராண்டுச் செடியான இதற்கு விதைதான் அடுத்த தலைமுறைக்கு ஒரே வழி. பூச்சி வராத ஆண்டிலும் விதை கிடைத்தாக வேண்டும்.

நம் ஊர் மளிகைக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மக்கானா என்று விற்கும் வெள்ளைப் பொரி இந்தச் செடியின் விதையிலிருந்து வருவது. தாமரை விதை என்று எழுதியும் விற்கிறார்கள். தாமரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பீகாரின் மிதிலைப் பகுதியில் தர்பங்கா, மதுபனி மாவட்டங்களின் குளங்களில் மல்லா சமூகத்தினர் நீரில் மூழ்கி, அடிச்சேற்றிலிருந்து விதைகளைத் திரட்டுகிறார்கள். உலர்த்தி, தரம் பிரித்து, வறுத்து, சூடாக இருக்கும்போதே மரக்கட்டையால் அடிக்க, ஓடு உடைந்து பொரி வெளியே குதிக்கிறது. முட்கள் நிறைந்த நீரில் மூச்சடக்கிச் செய்யும் கடினமான வேலை அது. 2002இல் தர்பங்காவில் மக்கானாவுக்கெனத் தேசிய ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 2022இல் மிதிலை மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நீர்ச்செடியை மக்கள் மதித்தால் குளங்கள் பிழைக்கும் என்பதற்கு மிதிலை நல்ல சான்று. அங்கே குளம் என்பது வருமானம்.

பழைய குடும்பம், விரிந்த உறவு

அல்லிக் குடும்பம் பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோன கிளைகளில் ஒன்று. 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் இந்தக் கிளையைச் சேர்ந்த புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. டைனோசர்கள் தண்ணீர் குடித்த குளங்களிலும் அல்லியின் முன்னோர்கள் இருந்திருக்கின்றன.

தாமரை இந்தக் குடும்பம் இல்லை. ஒரே குளத்தில் அருகருகே வளர்ந்து, ஒரே மாதிரி வட்ட இலை விட்டாலும் மரபணுக்கள் வேறு கதை சொல்கின்றன. நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம், அல்லியைவிடத் தாமரைக்கு நெருங்கிய சொந்தம். நீரில் வாழும் தேவை, தொடர்பற்ற இரண்டு குலங்களுக்கு ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது.

உண்மையான சொந்தங்களோ அடையாளம் தெரியாத வேடத்தில் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில் மழைக்கால நீரில் வளரும் டிரிதூரியா கொங்கனென்சிஸ் என்ற செடி, சிறு புல்போல விரலளவே இருக்கும். 1994இல்தான் இது அறிவியலுக்கு அறிமுகமானது. புல் வகைகளோடு சேர்த்து வைத்திருந்த இந்தச் செடிக் குடும்பம் அல்லிகளின் கிளையைச் சேர்ந்தது என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது.

அல்லிப் பேரினத்திலேயே மிகச் சிறியது ருவாண்டாவின் நிம்ஃபியா தெர்மாரம். 1987இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எபெர்ஹார்ட் ஃபிஷர் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்தில் இதைக் கண்டார். இலை ஓரிரு செ.மீ. அளவுதான். ஊற்று நீரை மக்கள் வேறு தேவைக்குத் திருப்பியதும் அந்த இடம் வறண்டு, செடி அங்கிருந்து மறைந்தது. ஜெர்மனியின் பான் தாவரவியல் பூங்காவில் முன்பே சேர்த்து வைத்திருந்தவை மட்டுமே எஞ்சியதாக அப்போது கருதப்பட்டது. விதை முளைத்தும் கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. மற்ற அல்லிகளைப்போல ஆழ்நீரில் மூழ்கி வளராமல், நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சேற்றில் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பெற்று வளர்வது இதன் இயல்பு. இதை ஊகித்து 2009இல் கியூவில் இதைக் காப்பாற்றியவர், பின்னாளில் பொலிவியானாவை விவரித்த அதே கார்லோஸ் மக்தலேனா. மிகச் சிறிய அல்லியைக் காப்பாற்றியதிலும் மிகப் பெரிய அல்லியை அடையாளம் கண்டதிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது.

வெயிலும் வெள்ளமும் செய்த செடிகள்

அல்லிகளைக் குளிர்நாட்டு அல்லி, வெப்பநாட்டு அல்லி என்று தோட்டக்காரர்கள் பிரிக்கிறார்கள். குளிர்நாட்டு இனங்களின் பூ நீர்மட்டத்திலேயே மிதக்கும். இலை ஓரம் வழுவழுப்பாக இருக்கும். இயற்கையில் நீலப் பூ கிடையாது. வெப்பநாட்டு இனங்கள் பூவை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். இலை ஓரத்தில் பெரும்பாலும் பல்வெட்டு இருக்கும். நீலமும் ஊதாவும் இவற்றுக்கே உரியவை. இரவில் மலரும் கூட்டமும் இவற்றில்தான் உண்டு. 2019 இறுதியில் வெளிவந்த ஓர் ஆய்வு, கிழக்கு ஆப்பிரிக்காவின் நீல அல்லியான நிம்ஃபியா கொலராட்டாவின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, அந்த நீலத்துக்குக் காரணமான நிறமியையும் வாசனைக்குப் பின்னுள்ள மரபணுக்களையும் அடையாளம் கண்டது. ஆஸ்திரேலியாவின் நிம்ஃபியா ஜைஜான்டியா, பெயருக்கேற்றபடி முக்கால் மீட்டர் அளவுக்கு இலை விட்டு, நீலப் பூக்களை உயரத் தூக்கி நிற்கும்.

ராட்சதங்கள் வெப்பநாட்டில் பிறந்ததற்கு வெயில் பாதிக் காரணம். மறுபாதி, ஏறி இறங்கும் தண்ணீர். அமேசான் வெள்ளச் சமவெளியில் ஆண்டுதோறும் நீர்மட்டம் பல மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. மனாஸ் நகரில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 10 மீட்டர். வெள்ளம் வரும்போது புதிதாகத் திறந்த நீர்ப்பரப்பை முதலில் பிடிப்பவருக்கே வெயில். விக்டோரியாவின் இளம் இலை முள்மொட்டாக மேலே வந்து, சில நாட்களில் விரிந்து, அருகிலிருக்கும் செடிகளைத் தள்ளி இடம் பிடிப்பது இந்த அவசரத்தால்தான். தண்ணீர் வற்றினால் செடி சாகும். விதை சேற்றில் காத்திருக்கும்.

செவ்வாப்பேட்டைப் பக்கத்து ஏரியிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. கோடையில் கிழங்கும் விதையும் சேற்றுக்குள் உறங்குகின்றன. மழை நிரப்பியதும் கிழங்கு முளைத்து, நீர்மட்டம் ஏற ஏறக் காம்பை நீட்டி, இலையை மேலே கொண்டுவருகிறது. நிறைவதும் வற்றுவதும் ஏரியின் குறை என்று நாம் நினைக்கலாம். அல்லிக்கு அதுவே வாழ்க்கைத் தாளம். ஆண்டு முழுவதும் ஒரே ஆழத்தில் நீர் நிற்கும்படி கரையைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கான்கிரீட் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஆழம் குறைந்த சேற்று ஓரம் போய்விடும். அதோடு அல்லியும், அதில் கூடு வைக்கும் தாமரைக்கோழியும் போய்விடும்.

எதைக் காக்க வேண்டும்

அமேசானிலிருந்து நமக்கு வந்த நீர்ச்செடிகள் இரண்டு வகை. விக்டோரியாவைப் பெரிய குளம் வெட்டிப் பாடுபட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. அதே நிலப்பகுதியிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, யாரும் கேட்காமலே நம் ஏரிகளையும் கால்வாய்களையும் நிரப்பிவிட்டது. அதன் பலம் கழிவுநீர். வீடுகளின் சாக்கடை ஏரியில் சேரும்போது நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெருகுகின்றன; வேரூன்றாமல் மிதக்கும் ஆகாயத்தாமரை அவற்றை உறிஞ்சிப் பல்கி, ஒளியை முழுவதும் மறைத்து, அடியில் வேரூன்றிய அல்லியைக் கொன்றுவிடுகிறது.

அல்லியின் உறவுச் செடிகளே ஆபத்தாக மாறியதும் உண்டு. மீன்தொட்டி அழகுக்காக வந்த கபோம்பா என்ற அல்லிக்கிளைச் செடி கேரள நீர்நிலைகளில் பரவியது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவுக்கு அருகே ஆவளப் பாண்டி நீரோடை முழுவதும் அது இளஞ்சிவப்பாகப் பூத்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தார்கள். உள்ளூர் நீர்ச்செடிகளுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

மாடியில் தொட்டி வைத்து அல்லி வளர்ப்பவர்கள் இன்று சென்னையிலும் திருவள்ளூரிலும் பெருகியிருக்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய ஆசை. களிமண், ஐந்தாறு மணி நேர நேரடி வெயில், கொசுப்புழுவைத் தின்னச் சில சிறு மீன்கள். நிம்ஃபியா நௌச்சாலி தொட்டியிலேயே மகிழ்ச்சியாகப் பூக்கும். தாய்லாந்துக் கலப்பினங்களை வளர்ப்பவர்கள் ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: மிகுந்த கிழங்கையும் கன்றையும் ஏரியில் விடாதீர்கள். ஏரிக்கு அதன் சொந்த அல்லி போதும்.

தமிழ்நாட்டில் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் நீர்ப்பரப்பின் எல்லையைக் காக்கும். எல்லைக்குள் இருக்கும் உயிரை அறிந்தவர்கள்தாம் காக்க வேண்டும். செவ்வாப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும் பேச்சு எழும்போது, அல்லி படரும் ஆழமற்ற ஓரங்களை அப்படியே விடும்படி ஊராட்சியிடம் கேளுங்கள். சாக்கடை கலக்கும் வாயை அடைக்கும்படி கேளுங்கள். ஆகாயத்தாமரையை அகற்றும்போது அல்லியையும் சேர்த்து வாரிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளை ஒருமுறையாவது ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், அல்லி இலையைப் புரட்டி அதன் நரம்புகளைக் காட்டுங்கள். உலகின் மிகப் பெரிய மிதக்கும் இலையைத் தாங்கும் கணக்கின் முதல் பாடம் அங்கேயே எழுதியிருக்கிறது.